பெற்றோர் ஊரிலேயே இருக்கட்டும்: 34 லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: அப்பாவுக்கு 73 வயது, அம்மாவுக்கு 68. கும்பகோணத்தில் அப்பா பெயரில் உள்ள பழைய ஓட்டு வீட்டில் இருவரும் தனியாக இருக்கிறார்கள். அப்பா தனியார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; பி.எஃப். பென்ஷன் மாதம் 2,900 ரூபாய் வருகிறது. அவர் பெயரில் ஒரே வங்கியில் 34 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மாதச் செலவு 28,000. அதில் மருந்து மட்டும் 4,500. நான் பெங்களூரிலிருந்து மாதம் 10,000 அனுப்புகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு பி.பி.யும் முழங்கால் வலியும். இருவருக்கும் மருத்துவக் காப்பீடு இல்லை. வங்கி மேலாளர், வருடம் 5 லட்சம் வீதம் 5 வருடம் கட்டும் பாலிசி ஒன்றைச் சொல்கிறார். வீட்டை இப்போதே என் பெயருக்கு எழுதிவிடுகிறேன் என்கிறார் அப்பா. பெங்களூருக்கு வர இருவருக்கும் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வங்கி மேலாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 73 வயதுக்காரர் 34 லட்சத்தில் 25 லட்சத்தை ஐந்து வருடம் கட்டி முடக்கிவிட்டு, நடுவில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் சரண்டர் மதிப்பு (பாதியில் விட்டால் திரும்பக் கிடைக்கும் தொகை) எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு நிற்கும் நிலை வரக்கூடாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் திருப்பிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போக பணம் திரும்ப வரும்.

அடுத்து, பணத்தை எதற்காகப் பிரிக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மருத்துவமனையில் படுத்தால் வரும் பில்லுக்குக் காப்பீடு கைகொடுக்கும். ஆனால் வயதானவர்கள் தங்கள் வீட்டில் தாங்களே இருக்க முடியாமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் வேறு: பாத்ரூமில் வழுக்கி விழுவது, கண் மங்குவது, காது கேளாமல் போவது, பல் விழுந்து சாப்பாடு குறைவது. ஒருமுறை இடுப்பெலும்பு முறிந்தால் இரண்டு மூன்று மாதமாவது கூடவே ஆள் வேண்டும். இதில் கண்புரை அறுவைக்கு மட்டும் காப்பீடு ஒரு வரம்புக்குள் பணம் தரும். மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, பல்செட், வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் எல்லாம் வழக்கமான பாலிசிகளில் கிடையாது. ஆகவே காப்பீட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது இந்தச் செலவுகளுக்குக் கொடுங்கள்.

34 லட்சத்தை நான்காகப் பிரிக்கச் சொல்வேன். மாத வருமானத்துக்கு 22 லட்சம், மருத்துவ இருப்பாக 8 லட்சம், வீட்டு மாற்றத்துக்கு 2 லட்சம், கண் காது பல் கைத்தடி வகைக்கு 2 லட்சம். எஃப்.டி.க்களை இன்றே உடைத்தால் பெரும்பாலான வங்கிகள் வட்டியில் 1% வரை குறைத்துக்கொள்ளும். எனவே முதிரும் தேதிகளை வரிசையாக எழுதிவைத்து, ஒவ்வொன்றும் முதிரும்போது மாற்றுங்கள். வீட்டு வேலைக்கான 2 லட்சத்தை மட்டும் இப்போதே எடுங்கள்.

22 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போகட்டும். தபால் நிலையத்திலும் தொடங்கலாம், வங்கியிலும் தொடங்கலாம். ஒருவருக்கு 30 லட்சம் வரை அனுமதி உண்டு. வட்டி இப்போது 8.2%. சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. அப்பா பெயரில் 12 லட்சம், அம்மா பெயரில் 10 லட்சம் என்று இரண்டு கணக்காகத் தொடங்கி, ஒன்றில் மற்றவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கவும். காலாண்டுக்கு அப்பா கணக்கில் 24,600, அம்மா கணக்கில் 20,500, ஆக 45,100 வரும். மாதக் கணக்கில் சுமார் 15,000. பென்ஷன் 2,900, உங்கள் 10,000 சேர்ந்தால் 27,900. செலவோடு ஒட்டிப்போகிறது. ஆனால் வட்டி ஏறாது, விலைவாசி ஏறும். நீங்கள் அனுப்பும் தொகையை வருடத்துக்கு 1,500 ரூபாயாவது கூட்ட வேண்டிவரும். இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கத்தில்தான் வரும் என்பதால், முதல் காலாண்டுக்கு 45,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவைக்கவும். ஒரு வருடத்துக்குள் இந்தக் கணக்கை மூடினால் கொடுத்த வட்டியையே பிடித்துக்கொள்வார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5%, அதன்பின் 1% போகும். மருத்துவப் பணத்தை இதில் போடாததற்கு இதுதான் காரணம்.

அப்பா பணத்தை அம்மா பெயரில் போட்டால் அந்த வட்டி சட்டப்படி அப்பா வருமானத்தோடுதான் சேரும். இவர்கள் வருமானத்துக்கு வரியே வராது என்பதால் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே வங்கியில் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வட்டி வந்தால் டி.டி.எஸ்., அதாவது வட்டியிலிருந்தே முன்கூட்டி வரி பிடிப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு இப்போதே பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், பாஸ்புக்கைப் பாருங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். 15எச் என்று சொன்னால் வங்கியில் புரியும். ஏற்கெனவே பிடித்ததை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். நீங்கள் அனுப்பும் 10,000 ரூபாய்க்கும் அப்பாவுக்கு வரி கிடையாது. பிள்ளை பெற்றோருக்குக் கொடுப்பதற்கு உச்சவரம்பு இல்லை.

8 லட்சம் மருத்துவ இருப்பில் 2 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கோடு இணைந்த ஆட்டோ ஸ்வீப்பில் (உபரிப் பணம் தானாக எஃப்.டி.யாகி, தேவைப்படும்போது தானாகத் திரும்பும் வசதி) வையுங்கள். மீதி 6 லட்சத்தை ஒரே எஃப்.டி.யாகப் போடாமல் ஒரு லட்சம் வீதம் ஆறாகப் போடுங்கள். 80,000 தேவைப்படும் நாளில் ஒன்றை உடைத்தால் போதும். இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுவது நல்லது. வங்கி திவாலானால், ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டி உட்பட 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கணக்குகள் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்’ என்ற முறையில் அப்பா, அம்மா பெயரில் இருக்கட்டும். அதோடு, முதிர்வுக்கு முன் எடுக்கவும் ஒருவர் கையெழுத்து போதும் என்ற ஒப்புதலையும் எஃப்.டி. போடும் நாளிலேயே இருவரும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கும் நாளில் அவர் கையெழுத்தையும் கேட்பார்கள். பவர் பத்திரம் எழுதிவைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் அதோடு முடிந்துவிடும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சரியாகத் தேவைப்படும் நேரத்தில் அது காலை வாரிவிடும்.

காப்பீட்டுக்கு வருகிறேன். அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டதால், வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு அவர் தகுதியானவர். 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது. வயதுக்கு ஆதார்தான் சான்று. அதில் பிறந்த தேதி தவறாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால், தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் நேரில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி இந்த அட்டையை எந்தெந்தச் சிகிச்சைக்கு ஏற்கிறது என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். வெளிநோயாளியாகப் போகும் செலவுக்கு இதை நம்ப வேண்டாம்.

அம்மாவுக்கு இன்னும் 2 வருடம் இருக்கிறது. அவருக்கு மட்டும் 5 லட்சத்துக்குத் தனி பாலிசி எடுக்கலாம். அப்பாவையும் சேர்த்து ஃபுளோட்டர் (இருவருக்கும் பொதுவான ஒரே பாலிசி) எடுத்தால் மூத்தவரின் வயதை வைத்துப் பிரீமியம் போடுவார்கள். அதில் பணம் வீண். 65க்கு மேல் பாலிசி கிடையாது என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, 2024 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு இல்லை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. பி.பி.யையும் முழங்கால் வலியையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம். மூட்டு மாற்று அறுவைக்கும் கண்புரைக்கும் தனிக் காத்திருப்பு இருக்கும். அதாவது அடுத்த வருடமே முழங்காலுக்கு ஆபரேஷன் என்றால் இந்தப் பாலிசி உதவாது, 8 லட்சத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பாலிசியில் இரண்டு இடங்களை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். ஒன்று அறை வாடகை வரம்பு. நாளுக்கு 5,000 என்று வரம்பு உள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் படுத்தால், வித்தியாசமான 3,000 மட்டும் போகாது. டாக்டர், நர்ஸ், தியேட்டர் கட்டணங்களையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைப்பார்கள். அந்தக் கட்டணங்கள் 1,60,000 என்றால் 1,00,000 தான் வரும். மருந்துக்கும் உள்ளே பொருத்தும் கருவிக்கும் இந்தக் குறைப்பு இல்லை. இரண்டாவது, கோ-பே. 20% என்றிருந்தால் குறைத்த தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் கையிலிருந்து போகும். வரம்பில்லாத பாலிசிக்குப் பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். மருத்துவ இருப்பில் எஃப்.டி.யாகப் போட்ட 6 லட்சத்துக்கு 6.5% வட்டி என்றாலும் வருடம் 39,000 வரும். அம்மாவின் பிரீமியத்துக்கு அதை ஒதுக்கிக்கொள்ளலாம்.

மருந்துச் செலவு 4,500 குறையக்கூடியது. சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இருவரையும் பதிவு செய்யுங்கள். அங்கே கிடைக்காததை மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற கடைகளில் கேளுங்கள். பிராண்டை மாற்றும் முன் டாக்டரிடம் சீட்டைக் காட்டி, மருந்தின் பெயரும் அளவும் அதுதானா என்று சரிபார்த்துக்கொள்ளவும்.

இனி வீடு. கும்பகோணத்து ஓட்டு வீடு என்றால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் தாண்டிக் கடைசியில் கொல்லைப்புறத்தில் கழிப்பறை இருக்கும். மழைக்காலத்தில் இரவு இரண்டு மணிக்கு, நனைந்த முற்றத்தோரம் நடந்து, நிலைப்படிகளைத் தாண்டி முழங்கால் வலியோடு அம்மா போய்வர வேண்டும். 2 லட்சத்தில் முதல் வேலை, படுக்கை அறையை ஒட்டி ஒரு கழிப்பறை. கொத்தனாரைக் கூப்பிடும் முன் செப்டிக் டேங்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அதற்கு அருகில் கட்டினால்தான் செலவு கட்டுக்குள் இருக்கும், தரையையும் நீளமாகத் தோண்ட வேண்டியிராது. மேல்நாட்டு வகைக் கோப்பையின் இருக்கை தரையிலிருந்து 17 முதல் 19 அங்குல உயரத்தில் அமையட்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் உடல் கதவை அடைத்துக்கொண்டால் உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கைப்பிடிக் கம்பியை எங்கே வைப்பது என்று கொத்தனார் முடிவு செய்யக்கூடாது. அம்மாவை உட்கார்ந்து எழச் சொல்லி, கை தானாகப் போகும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். துண்டு போடும் கம்பி வேண்டாம். ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேண்டும். டைல்ஸில் மட்டும் நிற்கும் சின்ன ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும். செங்கல் வரை இறங்கும் ஆங்கர் போல்ட் போட்டு, மாட்டிய ஆளையே முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கூலி கொடுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இன்வெர்ட்டரோடு இணைந்த சிறு இரவு விளக்குகள் போதும்.

வீட்டை இப்போது எழுதி வாங்காதீர்கள். செட்டில்மென்ட் பத்திரம் பதிந்துவிட்டால் அப்பா அந்த வீட்டில் விருந்தாளி. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால், பிள்ளை பார்க்காதபோது 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவின்படி கோட்டாட்சியரிடம் ரத்து கேட்கலாம். நீங்கள் நல்ல பிள்ளைதான், ஆனால் நாளை உங்கள் கடனுக்கோ விவாகரத்துக்கோ அந்த வீடு இழுக்கப்படலாம். அப்பா உயில் எழுதட்டும்: அவருக்குப் பின் அம்மா ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை, அதன்பின் பிள்ளைகளுக்கு. சொத்தில் பங்கு பெறாத இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது.

பணத்தைப் பாதுகாக்கிறேன் என்று அப்பாவின் ஏ.டி.எம். கார்டையும் போனையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். தன் பணத்தைத் தானே எடுத்துச் செலவழிப்பதும் அவர் சுதந்திரத்தில் சேர்த்திதான். அன்றாடச் செலவுக்குத் தனிக் கணக்கு ஒன்று வைத்து, 50,000க்கு மேல் அதில் விடாமல், யு.பி.ஐ.யை அதோடு மட்டும் இணைத்துவிடுங்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, போலீஸ் வீடியோ காலில் பணம் கேட்காது என்று இருவரிடமும் சொல்லி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அவர்கள் போனிலேயே பதிந்து கொடுங்கள்.

பி.எஃப். பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றை வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். நவம்பர் கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம். தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்துக்கொள்வார். அப்பாவுக்குப் பின் அம்மாவுக்குப் பாதி பென்ஷன் உண்டு. அதற்கு பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) எண்ணும், ஆதாரும் பென்ஷன் பதிவும் ஒரே பெயரைக் காட்டுவதும் வேண்டும். இனிஷியல் மாறியிருந்தால் அப்பா இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.