23 வயதில் புதிதாகத் தொடங்கினால் தாமதமா?

அம்மா, உங்கள் மகனுக்கு 23 வயது, கல்லூரியில் இரண்டு அரியரை அப்படியே விட்டுவிட்டு அனிமேஷன் கற்கப் போகிறேன் என்கிறான், இனி கற்றுக்கொண்டு எப்போது முன்னுக்கு வருவான் என்று கேட்டிருக்கிறீர்கள். வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு விஷயங்களுக்கு.

அமெரிக்காவில் கால்வின் பீட் என்று ஒரு கோல்ஃப் வீரர் இருந்தார். 1943-ல் பிறந்தவர், வீட்டில் மொத்தம் 19 பிள்ளைகள், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கோல்ஃப் மட்டையை முதன்முதலில் தொட்டதே 23 வயதில்தான். 1971-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார், அமெரிக்காவின் முன்னணி தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான பிஜிஏ டூருக்குள் நுழைந்தது 1975-ல், அங்கே முதல் வெற்றி 1979-ல். அதற்குப் பிறகு 1982 முதல் 1986 வரை மட்டும் 11 பட்டங்கள்!

ஆனால் தொடக்கத்துக்கும் முதல் வெற்றிக்கும் நடுவே பதிமூன்று வருடம் போயிருக்கிறது, அதைக் கவனியுங்கள். பண்ணைத் தொழிலாளர்கள் வேலை செய்யும் ஊர் ஊராக வண்டியில் போய்த் துணிமணி, நகை விற்றவர் அவர், கற்றுக்கொண்ட காலத்தில் சோறு போட்டது அந்த வியாபாரம். உங்கள் மகனிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்: கற்கும் வருடங்களில் செலவுக்கு என்ன வழி? பகுதிநேர வேலை ஒன்று கையில் இருந்தால் சரி. வீட்டிலிருந்து எவ்வளவு, எத்தனை மாதம் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

இன்னொன்று அந்த அரியர். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து முறிந்ததால் பீட்டின் இடது கையை முழுதாக நீட்ட முடியாது. கோல்ஃப் கற்றுக்கொடுப்பவர்கள் நேராக வைக்கச் சொல்லும் கையே அதுதான். அப்படியும் 1981-லிருந்து 1990 வரை பத்து வருடம் தொடர்ந்து, தொடக்க அடியைக் குறி தவறாமல் அடிப்பதில் டூரிலேயே முதலிடம் அவருக்குத்தான். இவ்வளவு திறமை இருந்தும், அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் ரைடர் கோப்பையில் அமெரிக்காவுக்கு ஆடப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. 1982-ல், கிட்டத்தட்ட 39 வயதில், உட்கார்ந்து படித்துப் பள்ளி இறுதிக்கு இணையான தேர்வை எழுதித் தேறினார். 1983-லும் 1985-லும் அந்த அணியில் ஆடினார்.

அதனால் அரியரை முடிக்கச் சொல்லுங்கள், அனிமேஷனுக்குத் தடை போடுவதற்காக அல்ல. ஒரு நாள் நல்ல நிறுவனமோ வெளிநாட்டு விசாவோ பட்டம் எங்கே என்று கேட்கும்போது இவன் திரும்பி ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

பீட் மாதிரி எல்லோரும் வந்துவிட முடியாது என்பதும் உண்மை. அதனால் ஒரு வருடம் கழித்து அவன் செய்த வேலைகளை, அந்தத் துறையில் இருக்கும், உங்களுக்கு உறவில்லாத ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்வதைக் கேட்டபின் மேற்கொண்டு பேசுவோம். அடுத்த முறை அவனையும் கூட்டி வாருங்கள், அவன் வாயால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.