யானைக் காசுக்குப் புளி வேண்டாம்

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த என் தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய செப்புக்காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் யானை தெரிகிறது. மறுபக்கம் கறுத்துப்போய் எழுத்து எதையும் படிக்க முடியவில்லை. ஓரத்தில் பச்சையாகவும் ஏதோ படிந்திருக்கிறது. பூஜைச் சொம்பைப் போலப் புளி போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார் அம்மா. கடைத்தெருவில் ஒருவர், ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பளபளப்பாக்கி, நல்ல விலைக்கு விற்றும் தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். உங்கள் அம்மா சொல்வது சொம்புக்கு முற்றிலும் சரி. புளியில் உள்ள அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும், அடியிலிருந்து புதுச் செம்பு வெளியே வரும், சில நாளில் அது மறுபடி கறுக்கும், மறுபடி தேய்ப்போம். சொம்பின் சுவர் கனமானது, அதனால் தலைமுறைக் கணக்கில் தாங்குகிறது. காசில் நமக்கு வேண்டியதெல்லாம் மேற்பரப்பில் மயிரிழை உயரத்துக்கு எழும்பி நிற்கும் உருவமும் எழுத்தும்தான். காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து செம்பு இருநூறு ஆண்டுகளாகத் தன்மேல் ஒரு தோலை வளர்த்துக்கொண்டிருக்கிறது. தேய்ந்துபோன காசுகளில் எழுத்தின் கடைசிச் சுவடு பல நேரங்களில் அந்தத் தோலில்தான் மிஞ்சியிருக்கும். அதைக் கரைத்தால் எழுத்தும் கழுவிய தண்ணீரோடு போய்விடும். எலுமிச்சை, வினிகர், கோலா பானம், பீதாம்பரி, பல்பொடி, விபூதி எல்லாவற்றுக்கும் இதுவே என் பதில்.

உங்கள் காசுக்கு இது இன்னும் முக்கியம். ஹைதர் அலியின் கடைசிக் காலத்திலும் திப்பு சுல்தானின் ஆட்சியிலும் மைசூர்ச் செப்புக்காசுகளில் யானை இருந்தது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு அரியணை ஏறிய மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் காசுகளிலும் யானை தொடர்ந்தது. யானைக்கு மேலே பொட்டுப்போல ஒரு சூரியனும் பிறையும் இருந்து, பின்புறம் கன்னட எழுத்தும் தெரிந்தால் அது உடையாருடையது. பாரசீக எழுத்தில் காசை அடித்த நாணயச்சாலையின் பெயர் இருந்தால் திப்புவுடையதாக இருக்கக்கூடும். அவர் புதிதாகக் கொண்டுவந்த மௌலூதி என்னும் ஆண்டுக் கணக்கின் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இத்தனையும் கடுகளவு அடையாளங்கள். ஒரு முறை அழுத்தித் தேய்த்தால் பிறை போய்விடும், காசு யாருடையது என்பதும் அதோடு போய்விடும்.

படிப்பதற்குத் தேய்க்க வேண்டியதே இல்லை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுக் காசைக் கறுப்புத் துணிமேல் வைத்து, ஒரு கைவிளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். நான்கு திசையிலிருந்தும் வெளிச்சம் விழும்படி செல்பேசியில் படம் எடுங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழல் விழுந்து எழும்பித் தெரிவதைப் பார்ப்பீர்கள். மண்ணோ தூசியோ ஒட்டியிருந்தால், இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்கும் காய்ச்சி வடித்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, மூங்கில் பல்குச்சியின் முனையால் மெல்ல நெருடிவிட்டு, பருத்தித் துணியில் ஒற்றி உடனே நன்றாக உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள குளோரினும் உப்புகளும் செம்புக்கு ஆகாதவை. காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள்.

இப்போது பச்சை. இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ‘ஒன்றும் செய்யாதீர்கள்’ என்ற என் பேச்சு செல்லாத இடம் இதுதான். செம்பில் படியும் பச்சையை நம் முன்னோர் களிம்பு என்றார்கள். செம்போடு பிறந்து செம்போடேயே இருப்பது என்பதால்தான் சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டிய மலம் என்னும் மாசுக்குச் செம்பிற் களிம்பை உவமையாக்கினார்கள். ஆனால் எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. கரும்பச்சையாக, வழவழப்பாக, நகத்தால் தொட்டாலும் உதிராமல் இறுகிக் கிடந்தால் அது தீங்கற்றது; காசுக்குக் காப்பு என்றே சொல்லலாம். வெளிர்பச்சையாக, மாவுபோல, தட்டினால் உதிர்வதாக, அடியில் சிறு குழியோடு இருந்தால் அது வேறு. அதைத்தான் வெண்கல நோய் என்கிறோம், தனிச் செம்புக்கும் அது வரும். காசுக்குள் புகுந்த குளோரைடு உப்பு, காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் கிடைக்கும்போதெல்லாம் செம்பைத் தின்று பச்சைத் தூளாக்குகிறது. அந்த வினையில் பிறக்கும் அமிலம் மேலும் செம்பைத் தின்பதால் அது தானாக நிற்பதில்லை. தூளைத் துடைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று பெட்டியை மூடியவர்கள், அடுத்த மழைக்காலம் முடிந்து திறக்கும்போது எழுத்து இருந்த இடத்தில் குழியைப் பார்த்திருக்கிறார்கள்.

சந்தேகமாக இருந்தால், தூளை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டுப் படம் எடுத்துவையுங்கள். காற்றுப் புகாத டப்பா ஒன்றில் நனைத்துப் பிழிந்த பஞ்சை ஒரு மூலையில் வையுங்கள், காசு அதைத் தொடாமல் ஒரு நாள் இருக்கட்டும். அதே இடத்தில் புதிய வெளிர்பச்சைப் புள்ளி வந்தால் நோய் உயிரோடு இருக்கிறது. அப்போது காசை உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்கள் நிறைந்த வேறு டப்பாவில் மற்றக் காசுகளிலிருந்து பிரித்து வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வினை பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு மேல் செய்யும் வேதியியல் சிகிச்சைக்கான பொருள்கள் சில உடலுக்குத் தீங்கானவை. வீட்டில் முயல வேண்டாம். தூள் இருக்கும்போது மெழுகோ தேங்காய் எண்ணெயோ பூசினால் நோயை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

அந்த ஆயிரம் ரூபாய்க்காரரைப் பற்றி நான் மனம் திறந்து சொல்ல வேண்டும். பளபளப்பாக்கிய செப்புக்காசை விவரம் தெரிந்த சேகரிப்பாளர் கையில் வாங்கமாட்டார். அது தெரிந்தே பளபளப்பாக்கிவிட்டு, ‘மெருகு போட்டதால் மதிப்பு இறங்கிவிட்டது’ என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். பிறகு கந்தகக் கலவையில் முக்கி மறுபடி கறுக்கவைத்து வேறொருவர் தலையில் கட்டுவார்கள். இன்னொரு கூட்டம் காசு அரிசியை இழுக்கிறதா என்று பார்க்க வருவார்கள், இரிடியம் என்பார்கள், கோடி என்பார்கள், சோதனைக்கு முன்பணம் கேட்பார்கள். செம்பு அரிசியை இழுக்காது. அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். பழைய நாணயம் வாங்க விற்கத் தன் பெயரில் கட்டணமோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அனுமனும் ராமர் பட்டாபிஷேகமும் பொறித்த ‘1818 கம்பெனிக் காசு’ என்று ஒன்றை மாற்றாகக் கொடுக்க வந்தால் அதையும் மறுத்துவிடுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொரு காசை அச்சிட்டதே இல்லை.

பிறகு யாரிடம்தான் காட்டுவது என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அறிவு இல்லாத நாடு அல்ல இது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே பழம்பொருள்களைக் காக்கும் வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். லக்னோவில் அதே பணிக்கான தேசிய ஆய்வகமும் மைசூரில் அதன் கிளையும் உண்டு. ஆனால் ஒற்றைக் காசோடு நிற்கும் குடும்பத்துக்கு எந்தச் சாளரம் என்று சொல்ல ஆளில்லை. வேறோர் அரசு அலுவலகத்தில் ஒரு பெரியவரோடு நான் மூன்று முறை ஏறி இறங்கியிருக்கிறேன். காசு எந்தப் பிரிவில் சேரும் என்பதே அங்கே முடிவாகவில்லை. கடைசியில் அவர் கடைத்தெருவுக்குத்தான் போனார். மாதம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரு மேசையும் ஒரு நிபுணரும் போதும். அதைக்கூடச் செய்யாமல் மக்கள் மரபைக் காக்கவில்லை என்று குறை சொல்வது எந்த வகையில் நியாயம்? நீங்கள் மனந்தளராமல், எடுத்த படங்களையும் எடையையும் விட்டத்தையும் எழுதி மைசூர்க் கிளைக்கு முதலில் கடிதம் அனுப்புங்கள். காசைத் தபாலில் அனுப்பாதீர்கள்.

வைக்கும் முறையையும் கவனியுங்கள். பெட்டிக்கடை ஆல்பங்களின் மெத்தென்ற பிவிசி உறை காலப்போக்கில் அமிலத்தை வெளியிட்டுச் செம்பைப் பச்சையாக்கும். அமிலமில்லாத காகித உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ இட்டு, சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சமையலறைப் பக்கத்து அலமாரி வேண்டாம். நிறம் மாறும் வகை ஜெல்லாக இருந்தால், நிறம் மாறும்போது புதிதாக மாற்றுங்கள். ஜூன் தொடங்கி மழை ஓயும்வரை மாதம் ஒரு முறை திறந்து, முதலில் எடுத்த படத்தோடு அந்த ஓரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.