பத்தொன்பதாயிரம் ரூபாய் அண்டா

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி பக்கம். சென்னையில் வேலை. அப்பா போன வருடம் தவறிவிட்டார். அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் வீடு தேடுகிறேன். பெருமாள்புரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட், வாடகை 12,000. மகாராஜ நகரில் ஒரு தனி வீடு, வாடகைக்கு விட்டால் 9,000 போகும், ஆனால் ஒத்திக்குத்தான் தருவார்களாம்: மொத்தமாக 8 லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். அடுக்களை வடகிழக்கில் இருப்பது அம்மாவுக்குச் சங்கடம். 2023 வெள்ளத்துக்கு அப்புறம் எனக்குத் தரைத்தளம் என்றாலே பயம். ஃபிளாட்டா, தனி வீடா? ஒரு வழி சொல்லுங்கள். (ஒத்தி எழுதுவதைத் தரகர் பார்த்துக்கொள்வார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், பதிவெல்லாம் எதற்கு, நமக்குள் ஒரு எழுத்து போதும் என்கிறார்.)

சு.

அன்புள்ள சு.,

அப்பா போனதற்கு வருந்துகிறேன். அம்மாவுக்காக வேலையை மாற்றிக்கொண்டு ஊருக்கு வருகிறீர்கள், அது எல்லோருக்கும் வாய்க்காது, எல்லோரும் செய்யவும் மாட்டார்கள்.

ஆனால் எட்டு லட்சம் ரூபாயை அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். நான் பதில் எழுதுவதே அந்த அடைப்புக்குறிக்காகத்தான். போன வாரம் மச்சை ஒழித்தபோது ஒரு செம்பு அண்டாவைக் கீழே இறக்கினோம். எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறாள் என் மனைவி. நான் கூடாது என்கிறேன். அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது.

1988. திருநெல்வேலி டவுனில் வடக்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. முன்னால் தார்சா, நடுவில் பட்டாசல், அடுக்களை, பின்னால் கிணறு. முப்பதாயிரத்துக்கு ஒத்தி. அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி போனது, அப்பாவின் சேமிப்பு போனது, கொஞ்சம் கடனும் வாங்கினோம். வீட்டுக்காரர் அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். பத்திர ஆபீஸில் பதிந்துவிடலாமா என்று அப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இழுத்து இழுத்துக் கேட்டிருக்கிறார். “ஏம்வே, என்னைய நம்பலையா?” என்றாராம் அவர். அதோடு முடிந்தது. கேட்டதற்காக அப்பா இரண்டு நாள் கூனிக்குறுகி நடந்தார். ஒரு முத்திரைத்தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சாட்சி கிடையாது. அது மஞ்சள் பைக்குள் போய், சாமி படத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது.

மூன்று வருடம் கழித்து ஆனித் தேரோட்டம். வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள். காலையில் வாசலில் தமுக்குச் சத்தம். தேருக்கு வந்திருந்த சித்தி, “சாமி இந்தச் சந்துக்குள்ளயா வருது?” என்று தட்டில் சூடத்தோடு தார்சாவுக்கு ஓடினாள். வந்தது கோர்ட் அமீன். வீடு ஏலத்துக்கு வருகிறது என்று கொட்டடித்துச் சொல்லிவிட்டு, ஒரு தாளைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். சித்தி சூடத்தட்டோடு அப்படியே நின்றாள்.

அசல் பத்திரத்தை வீட்டுக்காரர் எங்களுக்கு ஒத்திக்கு விடுவதற்கு ரொம்ப முன்னாலேயே வேறு இடத்தில் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். அப்பாவுக்குக் காட்டியது ஜெராக்ஸ். எங்கள் முத்திரைத்தாளை வக்கீல் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மடித்துக் கையிலேயே கொடுத்தார். “இதை வச்சு அவர்கிட்ட பணம் கேக்கலாம். வீட்டைக் கேக்க முடியாது” என்றார். நாலு வருடத்தில் துண்டு துண்டாக 11,000 வந்தது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி, சைக்கிள் கேரியரில் கட்டி ஒரு செம்பு அண்டா வந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சாகும்வரை அம்மா அதில்தான் ஆற்றுத் தண்ணீர் பிடித்து வைத்தாள். யாராவது அண்டா நன்றாயிருக்கிறதே என்றால், “பத்தொன்பதாயிரம் ரூவால்லா” என்பாள்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். ஒத்தி என்பது வாடகையில்லாத வாடகை வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்கிறீர்கள், தம்பி. வட்டிக்குப் பதிலாக வீட்டில் குடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். சட்டத்தில் அது சுவாதீனத்தோடு கூடிய அடமானம். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 59ஆம் பிரிவில் சொல்கிறது: கடன் நூறு ரூபாயோ அதற்கு மேலோ என்றால், இப்படிப்பட்ட அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். நூறு ரூபாய்க்கு! உங்களுடையது எட்டு லட்சம். நோட்டரி முத்திரை இதற்கு ஈடாகாது. தரகர் ஆகும் என்பார், அவருக்குக் கமிஷன் ஆக வேண்டும்.

கணக்குப் போடுங்கள். மாதம் 9,000 என்றால் வருடத்துக்கு 1,08,000. எட்டு லட்சத்துக்கு அது பதின்மூன்றரை சதவீத வட்டி. அசல் பத்திரமும், சொத்தின் மேல் கடன் எதுவும் பதிவாகவில்லை என்று காட்டுகிற வில்லங்கச் சான்றும் கையில் இருக்கிற மனிதருக்கு வங்கி இதைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுக்குமே, அவர் ஏன் உங்களிடம் வருகிறார்? மகள் கல்யாணமாக இருக்கலாம், மாதத் தவணை கட்ட முடியாதவராக இருக்கலாம், நேர்மையான காரணம் ஆயிரம் உண்டு. அசல் ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது என்பதும் ஒரு காரணம். அதை அவரிடம் கேட்காமல் உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்படி அடமானம் ஒன்று முன்னாலேயே இருந்தால், நீங்கள் பதிந்தாலும் அதற்குப் பின்னால்தான் நிற்பீர்கள். அதனால் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதோடு விடாதீர்கள். பதியாத ஒத்தி எதுவும் அதில் வராது, வீட்டுக்காரர் இதற்கு முன் யாருக்கும் ‘நமக்குள் ஒரு எழுத்து’ கொடுத்திருந்தாலும் வராது. அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? செருப்பு வாங்கினாலே பில் கேட்கிற தலைமுறை நீங்கள், இதற்கு மட்டும் என்ன கூச்சம்? அப்பா பட்ட கூச்சத்தின் விலை எங்கள் வீட்டு மச்சில் இருந்தது.

பதிவுச் செலவு அதிகம் என்பார். ஆளுக்குப் பாதி போடலாம் என்று சொல்லுங்கள். அப்போதும் மாட்டேன் என்றால் கும்பிட்டுவிட்டு எழுந்து வாருங்கள். நல்ல மனிதராகவே இருக்கட்டும். எங்கள் வீட்டுக்காரரும் நல்ல மனிதர்தான், எனக்கு முதல் பேனா வாங்கிக் கொடுத்தவர்.

அடுக்களை வடகிழக்கு என்பதையெல்லாம் விடுங்கள். அடுப்பைக் கிழக்கே பார்த்து வைத்தால் அம்மா சமாதானமாகிவிடுவார். வெள்ளத்துக்கு என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? அந்தத் தெருவில் ஒரு ஆச்சியைப் பிடித்து, 2023 டிசம்பரில் தண்ணீர் எத்தனையாவது படி வரை ஏறியது என்று கேளுங்கள், விரலை வைத்தே காட்டுவாள். குழாயில் ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதையும் அவளிடமே கேட்டுவிடுங்கள். வாடகைக்குப் போனாலும் எழுதிப் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டம் சொல்கிறது, 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது.

ஃபிளாட்டா தனி வீடா என்று கேட்டிருந்தீர்கள், அல்லவா? மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்றும் எழுதவில்லை. சேரன்மகாதேவி பக்கம் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் பேசியே வாழ்ந்தவரை மூன்றாவது மாடியில் கொண்டு வைத்தால் யாரிடம் பேசுவார்? எனக்கென்னவோ தனி வீடு என்றுதான் தோன்றுகிறது. அம்மாவை இரண்டு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அசலைப் பார்த்து, வில்லங்கமும் சுத்தமாக இருந்து, அவரும் பதிய ஒத்துக்கொண்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள். ஆதார் அட்டையோடு பத்திர ஆபீஸுக்கு வந்துவிடுகிறேன். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது. இன்னொரு சாட்சியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், தரகர் வேண்டாம்.