கோச்சுக்கு சம்பளத்த கூட்டுங்க, வருஷத்த கூட்டாதீங்க

வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த லெட்டர்ல முக்காவாசி ஒரே விஷயம். அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால் (பந்த கையில எடுத்துக்கிட்டு ஓடற அமெரிக்கன் ஃபுட்பால்) சீசன் முடியுற நேரம், எந்த கோச்ச வீட்டுக்கு அனுப்புறது, எந்த கோச்சுக்கு அள்ளிக் குடுக்குறதுன்னு ஊருக்கு ஊர் இதே பேச்சு. மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், என் பொண்ணு படிக்கிற யுனிவர்சிட்டியில கோச் வந்து மூணு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் 3-9 (மூணு ஜெயிப்பு, ஒம்பது தோல்வி), அடுத்தது 5-7, இந்த வருஷம் 9-3. உடனே சம்பளத்த ரெண்டு மடங்காக்கி எட்டு வருஷத்துக்கு எக்ஸ்டென்ஷன் (கான்ட்ராக்ட் நீட்டிப்பு) போடணும்னு எல்லாரும் குதிக்கிறாங்க. அந்த மனுஷன் அதுக்கு தகுதியானவர்தானா? (ஒரு அப்பா, மிட்வெஸ்ட்)

சம்பள உயர்வுக்கு தகுதியானவர்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. மூணு ஜெயிச்ச டீம ஒம்பது ஜெயிக்க வச்சிருக்காரு, அந்த உழைப்புக்கு கூலி குடுத்துதான் ஆகணும். ஆனா எட்டு வருஷம்ங்கறது வேற கணக்கு சார். சம்பளம் நடந்து முடிஞ்ச வேலைக்கு, கேரண்டி வருஷம் (நடுவுல வேலைய விட்டு எடுத்தாலும் பணம் குடுத்தே ஆகணும்) இன்னும் நடக்காத வேலைக்கு. இந்த ரெண்டையும் ஒரே கையெழுத்துல கட்டிடறாங்க பாருங்க, வில்லங்கமே அங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு நாள உங்களுக்கு காட்டறேன். 2005 அக்டோபர் 15, நோட்ர டேம் யுனிவர்சிட்டி ஸ்டேடியம். சார்லி வைஸ் கோச்சா வந்து அது முதல் சீசன், எதிர்ல நம்பர் ஒன் டீம் யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி). கடைசி நிமிஷம், நோட்ர டேம் 31-28ன்னு முன்னாடி நிக்கிது, யுஎஸ்சிக்கு நாலாவது டவுன் (கடைசி வாய்ப்பு, தவறினா பந்து எதிர் டீமுக்கு), இன்னும் 9 யார்டு போகணும், அப்ப அவங்க குவார்ட்டர்பேக் (பந்து வீசற ஆளு) மேட் லைனார்ட் ஒரு பாஸ் போடறாரு, டுவேன் ஜாரட் அத புடிச்சிட்டு 61 யார்டு ஓடறாரு. அப்பறம் கோல் லைன் பக்கத்துல லைனார்ட் மேல மோதி பந்து தெறிச்சு வெளிய போகுது, க்ளாக் சைபராகி நிக்கிது, ஜெயிச்சாச்சுன்னு நெனச்சு ஜனங்க கிரவுண்டுக்குள்ள எறங்கிட்டாங்க. அம்பயருங்க எல்லாரையும் வெளிய அனுப்பி 7 செகண்ட திரும்பப் போட்டாங்க. லைனார்ட் தலைய குனிஞ்சு உள்ள நுழையறாரு, நுழைய முடியாம திரும்பறாரு, பின்னாடி இருந்து அவரு டீம்காரர் ரெஜி புஷ் ஒரே தள்ளு, டச்டவுன் (பந்தோட கோல் லைன தாண்டியாச்சு). 34-31, நோட்ர டேம் தோத்துப்போச்சு.

ரெண்டே வாரம். தோத்த அந்த கோச்சுக்கு 2015 வரைக்கும் புது கான்ட்ராக்ட் போட்டாங்க. அப்ப டீம் 5-2. பெரிய டீம இவ்வளவு கிட்டத்துல போய் தொட்டுட்டாரே, விட்டா என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) தூக்கிட்டுப் போயிடுமேன்னு பயம். 2006ல 10-3 வந்துச்சு, சந்தோஷம். 2007ல 3-9, 2008ல 7-6, 2009ல 6-6, வேலை போச்சு. அதுக்கப்பறம் அவருக்கு நோட்ர டேம் குடுத்தது மொத்தம் சுமார் 19 மில்லியன் டாலர். நடுவுல அவரு கேன்ஸஸ் யுனிவர்சிட்டிக்கு கோச்சாப் போனாரு, அங்கயும் 2014ல எடுத்துட்டாங்க, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பணம் வந்துகிட்டு இருந்துச்சு. அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன், நீட்டின பேப்பர்ல கையெழுத்து போட்டாரு, அவ்வளவுதான். நீட்டினவங்கதான் யோசிச்சிருக்கணும்.

இப்ப உங்க கோச்சுக்கு வருவோம். 9-3ன்னு மட்டும் பாக்காதீங்க, அந்த ஒம்பது ஜெயிப்பையும் ஒண்ணொண்ணா எடுத்து வச்சுப் பாருங்க. எத்தன மேட்ச் ஒரே ஒரு டச்டவுன் வித்தியாசத்துல வந்துச்சு? எதிர் டீம் குவார்ட்டர்பேக் அடிபட்டு உக்காந்த மேட்ச் எத்தன? கீழ விழுந்த பந்து யார் கையில போய் சேந்துச்சு? இதெல்லாம் ஒரு வருஷம் நம்ம பக்கம் சாயும், அடுத்த வருஷம் எதிர் பக்கம் சாயும். 2021ல நெப்ராஸ்கா 3-9, அந்த ஒம்பது தோல்வியில ஒண்ணு கூட பத்து பாயிண்டுக்கு போகல, எல்லாமே ஒத்த இலக்க வித்தியாசம். அதே டீமுக்கு பந்து கொஞ்சம் வேற மாதிரி உருண்டிருந்தா ஊரே கோச்ச தோள்ல தூக்கியிருக்கும். அதனால ஜெயிப்பு எப்படி வந்துச்சுன்னு பாத்துட்டு அப்பறம் வருஷத்தப் பத்தி பேசுங்க.

நான் அந்த இடத்துல உக்காந்திருந்தா சம்பளத்த தாராளமா ஏத்துவேன், அசிஸ்டன்ட் கோச்சுங்களுக்கு பணம் ஒதுக்குறத அதவிட தாராளமா ஏத்துவேன், கான்ட்ராக்ட்ல ரெண்டு வருஷம் சேப்பேன். எட்டு மாட்டேன்.

கேள்வி: அண்ணே, குடுக்கலன்னா வேற காலேஜ் தூக்கிட்டுப் போயிடுமே? அப்பறம் அழுது என்ன பிரயோஜனம்? (காலேஜ் ஸ்டூடண்ட், மிச்சிகன்)

தம்பி, இந்த பயம்தான் ஒவ்வொரு நவம்பரும் கோடிக்கணக்குல கையெழுத்து போட வைக்குது. உங்க ஸ்டேட்லயே நடந்தது ஞாபகம் இருக்கும். 2021ல மிச்சிகன் ஸ்டேட், வேற காலேஜ்லேர்ந்து மாறி வந்த கென்னத் வாக்கர் ஒரே மேட்ச்ல, அதுவும் மிச்சிகன் மேல, அஞ்சு டச்டவுன் ஓடினாரு. அந்த நவம்பர்ல எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) கோச் வேலை காலியா இருந்துச்சு, மிச்சிகன் ஸ்டேட் கோச் மெல் டக்கர் அங்க போயிடுவாருன்னு பேச்சு, உடனே அவருக்கு 10 வருஷம் 95 மில்லியன். வாக்கர் என்எஃப்எல் போயிட்டாரு, அடுத்த வருஷம் டீம் 5-7. 2023 செப்டம்பர்ல மைதானத்துக்கு சம்பந்தமில்லாத ஒரு புகார்ல டக்கர நீக்கினாங்க, காரணத்தோட நீக்கினதால பாக்கி தர வேண்டியதில்லன்னு காலேஜ் சொல்லிடுச்சு. அப்படி ஒரு காரணம் இல்லாம வெறுமனே தோத்துக்கிட்டே இருந்திருந்தா மொத்த பணத்தையும் எண்ணி வச்சிருக்கணும்.

அதே 2021 நவம்பர்ல பென் ஸ்டேட்டும் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்கு 10 வருஷம் போட்டுச்சு, அந்த சீசன் அவங்க 7-6ல முடிச்சாங்க. அவரு பாவம் நல்லாதான் நடத்தினாரு, 2024ல ப்ளேஆஃப் (நேஷனல் சாம்பியன முடிவு பண்ற நாக்-அவுட்) செமிஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு, ஆனா 2025 அக்டோபர்ல வரிசையா மூணு மேட்ச் தோத்ததும் எடுத்துட்டாங்க. ஃப்ளோரிடா ஸ்டேட் இன்னொண்ணு. 2023ல 13-1, அலபாமாவுல கோச் நிக் சேபன் ரிட்டயர் ஆனதும் தங்க கோச் மைக் நார்வெல் அங்க போயிடுவாரோன்னு பதறி வருஷத்துக்கு சராசரி 10 மில்லியனுக்கு கையெழுத்து, அடுத்த சீசன் 2-10.

போறேன்னு சொல்றவர நிறுத்த வேற வழியும் இருக்கு. அவரு கெளம்பினா அவரு கட்ட வேண்டிய தொகைய ஏத்துங்க. காலேஜ் அனுப்பினா காலேஜ் கட்டணும், அவரா போனா அவரு கட்டணும், ரெண்டுமே பையவுட்தான், ஆனா முன்னது மலை மாதிரி, பின்னது மடு மாதிரி இருக்கும் பெரும்பாலும். ரெண்டையும் ஓரளவு சமமா வைக்க சம்மதிக்காத கோச்ச இழுத்துப் புடிச்சு வச்சு என்ன ஆகப்போகுது?

கேள்வி: முதல் வருஷத்துலயே பெரிய கான்ட்ராக்ட் குடுத்து நல்லா போன கதை இல்லவே இல்லையா? (இல்லினாயில இருந்து ஒரு வாசகி)

இருக்கும்மா, பக்கத்து ஸ்டேட்லயே இருக்கு. இண்டியானாவுக்கு கர்ட் சிக்னெட்டி 2023 நவம்பர் கடைசியில வந்தாரு, அதுக்கு முந்தின சீசன் அவங்க 3-9. வந்த வருஷமே 11-2, ப்ளேஆஃப்க்கு முதல் தடவையா போனாங்க. சீசன் முடியறதுக்கு முன்னாடியே 2024 நவம்பர்ல எட்டு வருஷம், வருஷத்துக்கு 8 மில்லியன்னு போட்டாங்க, 2025 அக்டோபர்ல அதையும் ஏத்தினாங்க, அந்த சீசன் 16-0, நேஷனல் சாம்பியன். ஒரு வருஷத்த பாத்துட்டு குடுத்த மாதிரிதான் வெளியிலேர்ந்து தெரியும். ஆனா அவரு 2011லேர்ந்து ஹெட் கோச், சின்ன சின்ன காலேஜ்ல எல்லாம் இருந்தவரு, ஒரு சீசன் கூட ஜெயிப்ப விட தோல்வி அதிகமா வச்சு முடிச்சதில்ல. ஜேம்ஸ் மேடிசன் யுனிவர்சிட்டில மட்டும் 52-9. பதிமூணு வருஷ ரெக்கார்டு இருந்தவருக்குத்தான் குடுத்தாங்க, அது கண்ண மூடிக்கிட்டு குடுத்ததில்ல.

கேள்வி: சார், நாலு வருஷம் பாக்கி இருந்தா போதாதா, ஏன் எப்ப பாத்தாலும் எக்ஸ்டென்ஷன் எக்ஸ்டென்ஷன்னு பறக்கறாங்க? (ஐடி ஊழியர், டெக்சாஸ்)

ரெக்ரூட்டிங்தான் (ஸ்கூல் பசங்கள டீமுக்கு இழுக்கறது) காரணம், அது நியாயமான காரணமும் கூட. பதினேழு வயசு பையன் வீட்டு சோஃபாவுல உக்காந்து, கோச் நான் படிச்சு முடிக்கற வரைக்கும் நீங்க இருப்பீங்களான்னு கேப்பான். ரெண்டு வருஷம்தான் பாக்கின்னா எதிர் காலேஜ்காரன் அதையே சொல்லி பையன இழுத்துருவான். அதனால நாலஞ்சு வருஷம் பாக்கி இருக்கறது தேவைதான், நான் மறுக்கல. ஆனா இப்ப பையனுங்களே டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல (காலேஜ் மாற பேரு குடுக்கற லிஸ்ட்) வருஷா வருஷம் மாறிட்டு இருக்காங்க, அந்த பழைய காரணத்துக்கு முன்ன இருந்த வெயிட் கொறஞ்சுதான் போச்சு.

வருஷம் இருக்கட்டும், கேரண்டி எதுக்கு முழுசா? உங்க டெக்சாஸ் கதையே சொல்றேன். டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2017ல ஜிம்போ ஃபிஷருக்கு 10 வருஷம் 75 மில்லியன், முழுசும் கேரண்டி. 2020ல 9-1, நாலாவது ரேங்க், ஆரஞ்ச் பவுல் ஜெயிப்பு (பவுல்னா சீசன் முடிஞ்சதும் தேர்வான டீமுங்க ஆடற மேட்ச்). பழைய கான்ட்ராக்ட்ல இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல மிச்சம் இருக்கறப்பவே 2021 செப்டம்பர்ல 2031 வரைக்கும் நீட்டி, சம்பளத்தையும் 9 மில்லியனாக்கினாங்க. 2022ல 5-7. 2023 நவம்பர்ல ஒரு சனிக்கிழம மிசிசிப்பி ஸ்டேட்ட 51-10ன்னு அடிச்சாங்க, மறுநாள் ஞாயித்துக்கிழம அவர எடுத்துட்டாங்க. பையவுட் 76 மில்லியனுக்கு மேல. அவரு வேற வேலை பாத்தாலும் அந்த சம்பளம் இதுல கழியாது, அப்படி எழுதின கான்ட்ராக்ட். ஆஃப்செட்னு ஒரு வரி சேத்திருந்தா புது வேலை சம்பளம் இதுல கழிஞ்சிருக்கும். ஒரே ஒரு வரி சார். அத கேட்டு வாங்காம விட்டவங்கள நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது, ஏன்னா 2025லேர்ந்து காலேஜே பிளேயருங்களுக்கு நேரா பணம் குடுக்கலாம்னு ஆயிடுச்சு, முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு 20.5 மில்லியன். வேலை பாக்காத ஒருத்தருக்கு போற பணம், மூணு வருஷத்துக்கு மேல ஒரு காலேஜோட மொத்த பசங்களுக்கும் வந்திருக்க வேண்டிய அளவு.

கேள்வி: அப்ப தோத்தா ஒடனே தூக்கிடணுமா? பொறுமைக்கு எடமே இல்லையா? (ரிட்டயர்டு டீச்சர், வர்ஜீனியா)

ஐயோ இல்லைங்க டீச்சர், நீங்க இருக்கற ஸ்டேட்டே அதுக்கு சாட்சி. வர்ஜீனியா டெக்ல ஃபிராங்க் பீமர் 1987ல வந்தாரு, ஆறாவது வருஷம் 1992ல 2-8-1 (கடைசி ஒண்ணு டிரா). இன்னைக்கா இருந்தா அந்த ராத்திரியே அனுப்பியிருப்பாங்க. வச்சுக்கிட்டாங்க, அசிஸ்டன்ட்டுங்கள்ல சிலர மாத்தினாரு, 1993ல 9-3. அதுலேர்ந்து 2015ல ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரு வருஷம் கூட பவுல் கேம் தவறல, 1999 சீசன்ல நேஷனல் சாம்பியன்ஷிப் மேட்ச் வரைக்கும் போனாங்க. ஐயோவாவுல கிர்க் ஃபெரன்ஸ் 1999ல 1-10, அடுத்த வருஷம் 3-9, 2002ல 11-2.

பொறுமைக்கு நீள கான்ட்ராக்ட் வேணும்னு அவசியமில்ல. நெப்ராஸ்காவ பாருங்க, ஸ்காட் ஃப்ராஸ்டுக்கு 2019ல டீம் 4-5ல இருக்கறப்பவே ரெண்டு வருஷம் நீட்டினாங்க, அது பொறுமை மாதிரி தெரிஞ்சுச்சு. 2022 செப்டம்பர்ல எடுத்தப்ப இன்னும் மூணு வாரம் காத்திருந்தா 15 மில்லியன் பையவுட் 7.5 மில்லியனா கொறஞ்சிருக்கும், அது கூட முடியல அவங்களால.

கேள்வி: என் பையன் ஸ்காலர்ஷிப் இல்லாம வாக்-ஆனா டீம்ல இருக்கான். ஜெயிப்பு தோல்விய விட்டுட்டு வேற எத வச்சு கோச்ச அளக்கலாம்? (ஒரு அம்மா, பென்சில்வேனியா)

அம்மா, எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி உங்களோடதுதான். ஒரு தடவ ஒரு காலேஜ் பிராக்டிஸ் பாக்கப் போயிருந்தேன், பேரு வேணாம். ஒரு பையன் மோதி விழுந்தான், எழுந்து தப்பான பக்கத்து வரிசையில போய் நின்னான். அங்கயே ரெண்டாவது லைன்ல இருந்த அசிஸ்டன்ட் சீக்கிரம் வாடான்னு கத்தறாரு. ஹெட் கோச் விசில் ஊதிட்டு நடந்து வந்தாரு, அவன் ஹெல்மெட்ட தானே கழட்டி வாங்கி தன் கையில வச்சுக்கிட்டாரு, டிரெயினர கூப்பிட்டு ஒப்படைச்சாரு. பிராக்டிஸ் முடியற வரைக்கும் அந்த ஹெல்மெட்ட யார்கிட்டயும் குடுக்கல, கக்கத்துல இடுக்கிக்கிட்டே சுத்தினாரு. கன்கஷன்னு (தலையில அடிபட்டு மூளை கலங்கறது) தெரிஞ்சா அன்னைக்கே திரும்ப எறங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, ஆனா அது கன்கஷனான்னு யாரும் பாக்கறதுக்கு முன்னாடியே ஹெல்மெட் அவரு கைக்கு போயிடுச்சு பாருங்க.

அந்த வருஷம் அவரு டீம் பாதிக்கு மேல தோத்துச்சு. உங்க பையன் கோச்ச பாக்கப் போனா, கடைசி வரிசையில நிக்கற வாக்-ஆன் பையனோட பேரு அவருக்கு தெரியுதான்னு பாருங்க, டீம்ல எத்தன பேரு டிகிரி முடிச்சு வெளிய போனாங்கன்னு கேளுங்க, அடிபட்டவன் ஸ்காலர்ஷிப் அடுத்த வருஷமும் தொடர்ந்துச்சான்னு அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட விசாரிங்க. அந்த பதில் நல்லா இருந்தா 6-6 கோச்சுக்கும் சம்பளம் கூட்டச் சொல்லி நானே லெட்டர் எழுதறேன். ஆனா ரெண்டு வருஷம்தான் சேக்கச் சொல்லுவேன்.