அரையை வைத்துப் பார்த்தால் போதுமா? பின்னக் கோவைகள் பற்றிய கேள்விகள்

சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட பின்னங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி சொல்லாதவரை, ப என்பது அப்படியொரு பின்னம்: 0 < ப < 1.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், "வர்க்கம் எடுத்தால் எண் பெரிதாகத்தானே வேண்டும்?" என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

1-ஐவிடப் பெரிய எண்களாலேயே பெருக்கிப் பழகியதால் வரும் நினைப்பு அது. ப² என்றால் ப-இல் ப பங்கு. காலில் கால் பங்கு எடுத்தால் மாகாணிதான், அதாவது 1/16. கணக்காகச் சொன்னால், ப < 1 என்பதன் இரு பக்கத்தையும் மிகை எண்ணான ப-ஆல் பெருக்குங்கள். ப² < ப என்று வரும். இன்னொரு முறை பெருக்கினால் ப³ < ப². ப = 1/4 என்று கொடுத்து ப³, ப², ப, √ப, 1/ப ஐந்தையும் மகளையே கணக்கிடச் சொல்லுங்கள். 1/64, 1/16, 1/4, 1/2, 4 என்று ஏறுவரிசையில் நிற்கும்.

கேள்வி: ஐயா, ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) பயிற்சியில் ப², ப/2 இரண்டில் எது பெரியது என்று கேட்டிருந்தார்கள். ப = 1/2 என்று போட்டேன், இரண்டும் 1/4. 'சமம்' என்று குறித்தேன். 'தீர்மானிக்க முடியாது' என்பதுதான் விடையாம். ஏன்?

பின்னம் என்றதும் எல்லாருக்கும் அரைதான் முதலில் நினைவுக்கு வரும். வினா எடுப்பவருக்கும் அது தெரியும்! கழித்துப் பாருங்கள்: ப² − ப/2 = ப(ப − 1/2). ப மிகை என்பதால், குறியை முடிவுசெய்வது அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான். அரைக்குக் கீழே ப/2 பெரியது, மேலே ப² பெரியது, சரியாக அரையில் மட்டும் சமம். √ப-ஐயும் 2ப-ஐயும் ஒப்பிட்டால் இதே வேலையை 1/4 செய்யும்.

"அப்படியானால் 0.1, 0.9 இரண்டையும் போட்டுப் பார்த்தால் போதுமே" என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ப(1 − ப)-ஐ 1/5-உடன் ஒப்பிடுங்கள். 0.1-இலும் 0.9-இலும் கிடைப்பது 0.09, இரண்டுமே 1/5-ஐவிடச் சிறியவை. அரையைப் போட்டால் 0.25, அது பெரியது. எண்ணைப் போட்டு ஒரு கூற்றைத் தவறு என்று காட்டலாம். எப்போதும் சரி என்று நிறுவ முடியாது. அதற்குக் கழித்துக் குறி பார்ப்பதுதான் வழி. 1/4 − ப(1 − ப) = (ப − 1/2)². வர்க்கம் குறை எண்ணாகாது. ஆகவே ப(1 − ப) ஒருபோதும் 1/4-ஐத் தாண்டாது.

கேள்வி: கால்குலேட்டரில் 0.5 போட்டு வர்க்கமூலப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் 1-ஐ நெருங்குகிறது. 1-ஐத் தாண்டுமா?

தாண்டாது, கணக்குப்படி 1-ஐத் தொடவும் தொடாது. 0.7071, 0.8409, 0.9170, 0.9576 என்று போகும்போது 1-க்கு உள்ள இடைவெளி ஏறக்குறையப் பாதிப்பாதியாகச் சுருங்குவதைக் கவனியுங்கள். காரணம், 1 − √ப = (1 − ப)/(1 + √ப). பின்னத்தின் கீழே உள்ள 1 + √ப, 2-ஐ நெருங்க நெருங்க இடைவெளி பாதியாகிறது. கடைசியில் திரையில் 1 வந்தால், அதற்குமேல் காட்ட இலக்கம் இல்லை என்றுதான் பொருள்.

கேள்வி: −1-க்கும் 0-க்கும் இடையே என்றால் வரிசை அப்படியே தலைகீழாகுமா?

ஆகாது. −1/2-ஐ வைத்துப் பாருங்கள்: 1/ப = −2, ப = −1/2, ப³ = −1/8, ப² = 1/4. வர்க்கம் மட்டும் மிகைப் பக்கம் தாவிவிடுகிறது. √ப-க்கு இங்கே மெய்யெண் மதிப்பே இல்லை.

கேள்வி: ப, ம இரண்டுமே 0-க்கும் 1-க்கும் இடைப்பட்டவை. ப + ம பெரியதா, 1 + பம பெரியதா?

நல்ல கேள்வி. இரண்டு பின்னங்கள் சேர்ந்து 1-ஐத் தாண்டலாம் என்பதால் 'தீர்மானிக்க முடியாது' என்று தோன்றும். கழியுங்கள்: 1 + பம − ப − ம = (1 − ப)(1 − ம). இரு காரணிகளும் மிகை. எனவே எப்போதும் 1 + பம-தான் பெரியது. 0.9, 0.9 என்று போட்டால்கூட 1.8-க்கு எதிரே 1.81 நிற்கும்.