மனச்சோர்வுக்கு மருந்தை மாற்றியும் கேட்கவில்லை, இனி என்ன வழி?

எட்டு மாதமாக மாத்திரை, நடுவில் ஒருமுறை மாற்றியும் ஆயிற்று, ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதையேதான் நானும் ஒரு நாள் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் புது மருந்து எழுதவில்லை. பழைய சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எது, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், நடுவில் எத்தனை நாள் விட்டேன் என்று கேட்க ஆரம்பித்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. முதல் மாத்திரையைக் குமட்டல் தாங்காமல் மூன்றாவது வாரமே விட்டிருந்தேன். இரண்டாவதன் அளவைக் கூட்ட வரச்சொன்ன தேதிக்குப் போகவே இல்லை. ஆரம்ப அளவையே மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தேன். சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம், அதுவும் இரண்டு மருந்துகள் பார்த்த பிறகும் பலனில்லை என்றால்தான் 'சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு' என்பார்கள். (இணங்காதது நோய்தான், நோயாளி இல்லை. மோசமான பெயர்.)

அடுத்து ரத்தப் பரிசோதனை: தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தசோகை. குடி உண்டா, குறட்டையோடு மூச்சுத் திணறித் தூக்கம் கெடுகிறதா என்றும் கேட்டார். பிறகு என் தங்கையைத் தனியாக அழைத்து, நான் எப்போதாவது பல நாள் தூங்காமலே தலைகால் புரியாத உற்சாகத்தில் திரிந்ததுண்டா என்று விசாரித்தார். மனச்சோர்வும் இப்படிப்பட்ட உற்சாகமும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறாக இருந்தால் சிகிச்சையே வேறு. அந்த உற்சாக நாட்களை நோயாளி நோயென்று சொல்லமாட்டார், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குறையவில்லை என்றால், மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரைச் சேர்த்து நடந்து 2006-ல் வெளியான ஸ்டார்-டி ஆய்வில் முதல் மருந்தில் முழுக்கத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கு. தேறாதவர்களுக்கு அடுத்தடுத்த கட்டமாகச் சிகிச்சையை மாற்றிப் பார்த்தார்கள், மூன்றாம், நான்காம் கட்டங்களில் தேறியவர்கள் 14 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டார்கள். மறுகணக்குப் போட்டவர்கள், தேறியவர்கள் என்று முதலில் சொன்ன எண்ணிக்கையே மிகை என்கிறார்கள்.

ஆகவே 'இதோடு வேறென்ன சேர்க்கலாம்?' என்று கேளுங்கள். மாத்திரையை முழு அளவுக்குக் கூட்டியபோது எனக்குப் பாதி குணம் தெரிந்தது. அதனால் மருந்தை மாற்றாமல், மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். அதற்கு அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும், சிறுநீரகம், தைராய்டு இரண்டின் மீதும் ஒரு கண் இருக்க வேண்டும். சிலருக்கு அரிப்பிப்ரசோல் அல்லது குவெட்டியாபின் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். கூடவே, பேசிப்பேசியே எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கும் போனேன். முதல் நாலு அமர்வு வீண் என்றே நினைத்தேன். ஐந்தாவதில்தான் படுக்கையிலிருந்து எழுவதற்கே ஒரு கால அட்டவணை போட்டோம், அது பிடித்துக்கொண்டது.

மின் அதிர்வு சிகிச்சை என்றதும் பலர் எழுந்து ஓடுகிறார்கள். 1938-ல் தொடங்கிய முறை அது. இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் கொடுத்தே செய்கிறார்கள், பெரும்பாலும் 6 முதல் 12 முறை. கடுமையான மனச்சோர்வுக்கு இதைவிட வலுவானது இன்னும் வரவில்லை. ஞாபகம் பாதிக்கப்படுவது உண்மை. அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் மூளையைத் தூண்டும், மயக்கமே வேண்டாத காந்தத் தூண்டல் சிகிச்சையும் இருக்கிறது, ஆனால் வாரம் ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் போய்வர வேண்டும். எஸ்கெட்டமைன் என்ற மருந்தின் மூக்குத் தெளிப்புக்கு அமெரிக்கா 2019-ல் அனுமதி தந்தது. மருத்துவமனையிலேயே போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

பலனில்லை என்ற கோபத்தில் இப்போதைய மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்து வரலாம், நான் பட்டிருக்கிறேன். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த தேதிவரை பொறுக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு. அந்த நிலைமையில் மேலே நான் சொன்ன வரிசையெல்லாம் பார்க்கமாட்டார்கள். மின் அதிர்வு போன்ற வேகமான சிகிச்சையையே முதலில் எடுப்பதும் உண்டு.