காசு கொடுத்து எழுதி வாங்கியது யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ராயபுரத்தில் வீட்டிலிருந்தபடியே கருவாடும் நெத்திலித் தொக்கும் இணையத்தில் விற்று வருகிறேன். சரக்கு காசிமேட்டிலிருந்து வாங்குகிறேன். எங்கள் வலைத்தளத்துக்காக 40 பொருள் விவரங்கள் எழுதித் தர ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் ஒருவரை அமர்த்தி, பேசியபடி 24,000 ரூபாயையும் கூகுள் பே-யில் அனுப்பிவிட்டேன். பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்பில்தான் நடந்தது. செய்முறைகளைக் குரல் பதிவாக அவருக்கு அனுப்பினேன். இப்போது தண்டையார்பேட்டையில் இதே தொழில் செய்பவரின் தளத்தில் அந்த விவரங்கள் பலவும் வரி மாறாமல் இருக்கின்றன. நான் எடுத்த 2 புகைப்படங்களும் இருக்கின்றன. எழுத்தாளரிடம் கேட்டால், "எழுத்து என்னுடையது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன்" என்கிறார். காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகார் கொடுக்கலாமா? - ஒரு வாசகி

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் உங்களுக்குப் பாதகமான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி ஓர் எழுத்தின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில், உரிமை உங்களுக்கு வந்திருக்கும். தன் பொறுப்பில் பலருக்கும் எழுதித் தருகிற ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கு இந்த விதி பொருந்தாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்குக் காசு கொடுத்தவரே உரிமையாளர் என்று இதே பிரிவு சொல்வதால், எழுத்துக்கும் அப்படித்தான் என்று வியாபாரிகள் பலர் நம்பிவிடுகிறார்கள். எழுத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. எழுத்தின் உரிமை கைமாற வேண்டுமென்றால், 19-ஆம் பிரிவு கேட்கிறபடி, உரிமையாளர் எழுத்துமூலம் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பணம் அனுப்பிய ரசீது அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது.

இதனால் உங்கள் தளத்திலிருந்து அந்த விவரங்களை நீக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். உங்கள் கடைக்கென்றே கேட்டு, உங்கள் கடைக்கென்றே எழுதி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட ஒருவர், நீங்கள் அவற்றைப் பயன்படுத்த அனுமதி தந்திருக்கிறார் என்று வாதாட வலுவான இடமிருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலே அதற்குச் சான்று. உங்களுக்கு மட்டுமே அந்த அனுமதி என்று சொல்லத்தான் இப்போது கையில் ஆதாரம் இல்லை.

ஆனால் எழுத்தாளர் சொல்வது முழுவதும் சரியென்று ஆகிவிடாது. புகைப்படங்களை எடுத்தவர் நீங்கள். அவை உங்கள் சொத்து. அவற்றை வேறொருவருக்குக் கொடுக்க எழுத்தாளருக்கு உரிமை இல்லை, தண்டையார்பேட்டைக்காரருக்குப் போடவும் உரிமை இல்லை. அடுத்து, நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகளை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். நெத்திலியின் தலையைக் கிள்ளி, மண் போக அலசி, நல்லெண்ணெயில் எந்தப் பதம் வரை வதக்குவது என்று நீங்கள் சொன்ன சொற்களே விவரத்தில் அப்படியே இறங்கியிருந்தால், அந்த வரிகளின் படைப்பாளி நீங்கள்தான் என்று உரிமை கோரலாம். செய்முறை என்ற தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதைச் சொன்ன சொற்களுக்கு உண்டு. வெளியில் சொல்லக் கூடாது என்று நம்பிக்கையின் பேரில் தெரிவித்த பக்குவமோ, சரக்கு வாங்கும் இடமோ வெளியே போயிருந்தால் அது நம்பிக்கை மீறல் என்ற தனி வழக்குக் காரணம்.

காவல் நிலையம் இப்போதைக்கு வேண்டாம். ஏமாற்றுக் குற்றத்துக்குத் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இவரோ ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார். உரிமையியல் (சிவில்) தகராறு என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். அந்த அலைச்சலுக்கு முன்பாகச் சான்றுகளைக் காப்பாற்றுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள், கைபேசியை மாற்றாதீர்கள். அந்தத் தளத்தின் பக்கங்களைத் தேதியும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்), 2023-இன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளோடு சான்றிதழ் இணைக்க வேண்டியிருப்பதால், எந்தக் கருவியில் எடுத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு எழுத்தாளரிடம் பேசுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். எழுதிப் பிழைக்கும் ஒருவர் தன் உரிமையைத் தானாக விட்டுத்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரு கூடுதல் தொகை பேசி, உரிமையை எழுதி வாங்கிக்கொள்வது வழக்கை விட மலிவாக முடியும். அந்த ஆவணத்தில் 40 விவரங்களையும் இணைப்பாகச் சேர்த்து, என்னென்ன உரிமைகள், எத்தனை காலத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று எழுதுங்கள். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுக்குக் கருவாடு அனுப்பும் எண்ணம் இருந்தால் இது முக்கியம். ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகாது என்ற வரியும் வேண்டும். தண்டையார்பேட்டைக்காரருக்கு என்ன அனுமதி கொடுத்தார் என்பதையும் எழுதி வாங்குங்கள், ஏனெனில் முன்பே முறையாகக் கொடுத்த அனுமதி உங்கள் ஆவணத்தால் தானாக ரத்தாகாது.

அடுத்த எழுத்தாளரை அமர்த்தும்போது இந்த வரிகள் வேலை தொடங்குமுன்பே கையெழுத்தாகியிருக்கட்டும். இறுதித் தவணை கிடைத்ததும் உரிமை மாறும் என்று எழுதினால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வேறெங்கிருந்தும் நகலெடுக்கவில்லை என்ற உறுதிமொழியும் கேளுங்கள். வேறு கருவாட்டுக் கடைக்கு இனி எழுதவே கூடாது என்ற நிபந்தனையை மட்டும் போடாதீர்கள். வேலை முடிந்த பிறகும் ஒருவரின் தொழிலைத் தடுக்கும் அத்தகைய நிபந்தனை ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. இதே எழுத்தை வேறு யாருக்கும் தரக் கூடாது என்பதே போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் எனக்கு அனுப்பிய மாதிரி விவரத்தில் "இந்தத் தொக்கு சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை இன்றே நீக்குங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 53-ஆம் பிரிவு தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. எழுதியவர் வேறொருவர் என்று சொல்லி, விற்பவர் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது.

பேச்சு பலிக்காவிட்டால், புகைப்படங்களை முன்வைத்து இருவருக்கும் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழுவை அணுகினால், வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தின் மூலம் சமரசம் பேசவும் வழியுண்டு. இழப்பீட்டு வழக்குக்கான காலவரம்பு, உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகள்.